நெஞ்சுக்குள் சென்சார் இருக்கு சரி, அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்?

என் வீட்டுக்காரருக்கு இடப்பக்க நுரையீரல் தமனியின் ஒரு கிளைக்குள், அங்கே ரத்த அழுத்தத்தை அளக்கிற சின்னதாக ஒரு சென்சார் இருக்கிறது. கார்டியோமெம்ஸ் என்று பெயர். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே எங்கள் வயதுத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டர் சொல்லிவிட்டால், சுற்றி வளைத்து என் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடும். "அக்கா, உங்க வீட்ல அந்தத் தலையணை மெஷின் இருக்காமே, எங்க அப்பாவுக்கு வெச்சுக்கச் சொல்றாங்க, வெக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டரோ நர்ஸோ இல்லை, கணக்கு வழக்கு பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தது பல வருடத்துக்கு முன்னால். ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார், ஆனால் இதயத் தசை ஒரு பக்கம் செத்துப்போனதால் பம்ப்பிங் 30-35 சதவீதத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவே இல்லை. ஐ.சி.டி. என்ற ஷாக் கருவியையும் தோளுக்குக் கீழே வைத்தார்கள். என்ட்ரெஸ்டோ, மெட்டோபுரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின் என்று இன்று தருகிற நாலு வகை மருந்தும் சாப்பிடுகிறார், கூடவே நீர் மாத்திரை. இத்தனையும் இருந்தும் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, ராத்திரி படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கி, விடியற்காலையில் ஆம்புலன்ஸ் வரும். ஊசியில் லேசிக்ஸ் போட்டு நீரை இறக்கி, சில நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள், கொஞ்ச மாதம் கழித்து மறுபடியும் அதே கதை.

எடை பார்க்கச் சொன்னார்கள், தினமும் பார்த்தோம். ஒரே நாளில் 3 பவுண்டு ஏறினாலோ, ஒரு வாரத்தில் 5 பவுண்டு ஏறினாலோ கூப்பிடுங்கள் என்பது இங்கே எல்லா கிளினிக்கிலும் சொல்கிற விதி. விதி நல்ல விதிதான். ஆனால் அவர் விஷயத்தில் ஆம்புலன்ஸ் வந்த காலையில்கூடத் தராசு பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. இதற்குப் பின்னால் டாக்டர் சொன்ன விளக்கம்தான் எனக்கு முதலில் புரிந்த விஷயம். கால் வீங்குவது, மூச்சு வாங்குவது, எடை ஏறுவது எல்லாம் கடைசிக் கட்டம். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே நுரையீரல் தமனியில் அழுத்தம் மெதுவாக ஏற ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் நீர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டாம். ஆனால் கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷரில் அது தெரியாது. 1970இல் ஸ்வான், கான்ஸ் என்று இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்த குழாயை இதயம் வழியாக விட்டுத்தான் இந்த அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார்கள், அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மட்டும்.

அதே அளவை வீட்டிலிருந்தே தினமும் எடுக்கத்தான் இந்த சென்சார். 15 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், இரண்டு முனையிலும் மெல்லிய கம்பி வளையம். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது, மாற்ற வேண்டியதும் இல்லை. உள்ளே ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும்தான். மிருதங்கத்தின் வாரை இறுக்கினால் சுருதி மாறுகிற மாதிரி, ரத்தம் அமுக்குகிற அளவைப் பொறுத்து இதன் அதிர்வெண் மாறும். ஆன்டெனா வைத்த ஒரு தலையணை மேல் மல்லாந்து படுத்தால், அந்தத் தலையணை வெளியிலிருந்து அலையை அனுப்பி அதிர்வெண்ணைக் கேட்டு அழுத்தமாக மாற்றிக்கொள்ளும். அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கம்பெனி ஆரம்பித்த சாதனம், இப்போது அபாட் கம்பெனி கையில் இருக்கிறது. 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 2024இல் கார்டெல்லா என்று இன்னொரு சென்சாருக்கும் அனுமதி வந்திருக்கிறது, அதில் தலையணைக்குப் பதில் உட்கார்ந்தபடி ஒரு கருவியை மார்பில் பிடித்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். எங்கள் அனுபவம் முதல் சாதனத்தோடுதான்.

இது நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு ஆராய்ச்சியைப் பற்றி. சாம்பியன் என்று பெயர், 2011இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 550 பேர். எல்லோருக்குமே சென்சார் வைத்தார்கள். எல்லோரும் தினமும் தலையணையில் படுத்து ரீடிங் எடுத்தார்கள். 270 பேருடைய எண்ணை மட்டும் டாக்டர்கள் பார்த்து மருந்தை மாற்றினார்கள், மீதி 280 பேருடைய எண் டாக்டருக்குக் காட்டப்படவில்லை. ஆறு மாதத்தில் முதல் கூட்டத்தில் ஹார்ட் ஃபெயிலியருக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் நெஞ்சுக்குள் இருந்தது ஒரே சென்சார்தான் என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம், எண்ணை ஒருவர் பார்த்தார், மாத்திரையை மாற்றினார், அவ்வளவுதான். இதிலேயே இன்னொரு கதையும் உண்டு. முதல் தடவை எஃப்.டி.ஏ.விடம் போனபோது இதற்கு அனுமதி கிடைக்கவில்லை, காரணங்களில் ஒன்று, ஆராய்ச்சியின்போது கம்பெனி நர்ஸ்களே டாக்டர்களிடம் பேசி இன்னாருக்கு மருந்தை மாற்றலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள் என்பது. பலன் சென்சாரால் வந்ததா, நர்ஸ் கூப்பிட்டதால் வந்ததா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இத்தனை காலம் இந்தத் தலையணையோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டையும் பிரிக்கவே முடியாது.

தூரத்திலிருந்து கண்காணிப்பது என்றாலே பலன் வரும் என்று நினைக்காதீர்கள். டெலி-ஹெச்.எஃப். என்று 1,653 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. நோயாளியே தினமும் போன் செய்து எடையையும் மூச்சிரைப்பையும் தானியங்கிக் குரலிடம் சொல்ல வேண்டும். ஒரு பலனும் இல்லை. அடுத்த வருடம் வந்த டாட்-ஹெச்.எஃப். இன்னும் மோசம். நெஞ்சில் நீர் கோத்தால் ஐ.சி.டி.யே பீப் அடிக்கும் என்று வைத்தார்கள், பீப் கேட்டுப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான் அதிகமானார்கள். ஆனால் 2018இல் ஜெர்மனியில் டிம்-ஹெச்.எஃப்.2 என்ற ஆராய்ச்சியில், சென்சார் எதுவும் உள்ளே வைக்காமல் எடை, பிரஷர், ஈ.சி.ஜி. மட்டும் வீட்டிலிருந்து அனுப்பி, பெர்லினில் ஒரு மையத்தில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்து பார்த்தார்கள். அங்கே சாவுகூடக் குறைந்தது. கருவி எளிமையானது, மறுமுனையில் ஆள் இருந்தார்.

அதனால் சென்சார் வைக்கச் சொன்னால் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது கருவியைப் பற்றி இல்லை. எங்கள் ரீடிங்கை எந்த நர்ஸ் பார்ப்பார், வாரத்தில் எத்தனை நாள் பார்ப்பார், சனி ஞாயிறு என்ன ஆகும், அவர் லீவில் போனால் யார், ரீடிங் வரவில்லை என்றால் கூப்பிடுவீர்களா, நீர் மாத்திரையை அவரே மாற்றலாமா அல்லது டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வாரா, இதெல்லாம்தான் கேள்வி. நாங்கள் வைத்த இடத்தில் ஹார்ட் ஃபெயிலியருக்கென்றே ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் இருந்தார், மருந்தை மாற்றும் அதிகாரம் அவருக்கே உண்டு. இன்னொரு குடும்பத்தில் நடந்தது வேறு. சென்சார் வைத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பார்க்க வேண்டியது வீட்டுப் பக்கத்து கார்டியாலஜி கிளினிக், இவர்கள் அவர்கள் பார்ப்பார்கள் என்றும் அவர்கள் இவர்கள் பார்ப்பார்கள் என்றும் விட்டுவிட்டு, பாவம் அந்த மனிதர் மாதக்கணக்கில் தினமும் தலையணையில் படுத்து அனுப்பிய எண்களை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சென்சார் வைப்பது பெரிய ஆபரேஷன் இல்லை. தொடைப்பக்க ரத்தநாளம் வழியாகக் குழாய் விட்டு, எக்ஸ்ரேயில் ரத்தநாளம் தெரிவதற்காக டை என்ற சாயத்தைக் கொஞ்சம் செலுத்திப் பார்த்து, சரியான கிளையில் விட்டுவிட்டு வருவார்கள். அப்போதே குழாயில் வரும் அழுத்தத்தோடு சென்சாரின் எண்ணை ஒப்பிட்டுச் சரிசெய்துவிடுவார்கள். லேசான மயக்கம்தான், அவர் பாதி பேசிக்கொண்டே இருந்தார். கிட்னி பலவீனமாக இருந்தால் டை விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வைத்த பிறகு ஒரு மாதம் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல்லும் உண்டு, ஏற்கெனவே வேறு ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது மாறும். அந்த மாதத்தில் பல் பிடுங்குவது போன்ற வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் சென்சார் அட்டையை முதலில் காட்ட வேண்டும்.

இனி தினசரி கதை. காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால் ரீடிங். கட்டிலில் தலையணையைப் போட்டு, ஆன்டெனா முதுகுக்குக் கீழே வருகிற மாதிரி படுக்க வேண்டும், பெட்டி ஆங்கிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், பொத்தானை அழுத்திவிட்டு அசையாமல் படுத்தால் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதலில் எல்லாம் அவர் இரண்டு அங்குலம் மேலே தள்ளிப் படுப்பார், சிக்னல் கிடைக்காது, எழுந்து மறுபடி படுப்பார், இதற்குள் காபி ஆறிப்போய்விடும், அந்தக் கோபம் என் மேல் திரும்பும். கடைசியில் மெத்தை விரிப்பின் ஓரத்தில் தோள் வர வேண்டிய இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஒரே தடவையில் கிடைக்கிறது. சாய்வு மாறக் கூடாது என்பதும் முக்கியம். தட்டையாகப் படுக்க முடியாதவர்கள் கொஞ்சம் உயர்த்திப் படுக்கலாம், ஆனால் தினமும் அதே உயரம். ஒரு நாள் தட்டையாகவும் ஒரு நாள் இரண்டு தலையணை வைத்தும் எடுத்தால் எண் ஏறியதா, படுக்கை ஏறியதா என்று அவர்களுக்குத் தெரியாது.

எண் எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெட்டியில் ரீடிங் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. பெரியவன் கம்ப்யூட்டர் ஆள், "டேட்டா நம்மளோடது, நமக்கே காட்ட மாட்டாங்களா?" என்று சண்டை. நர்ஸிடம் கேட்டால் சொல்வார்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது டயஸ்டாலிக் எண்ணை, அதாவது இதயம் தளர்கிற நேரத்து அழுத்தமான கீழ் எண்ணை, பொதுவாக 8க்கும் 20க்கும் நடுவில் வைக்கப் பார்க்கிறார்கள், இவருக்கென்று அதற்குள் ஒரு இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் தினமும் தெரியாமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் எண் ஏறும், மறுநாள் இறங்கும், அவர்கள் பார்ப்பது சில நாள் தொடர்ந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை. தினமும் எண் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு நடந்திருக்காது.

வேலை செய்தது என்று நான் நம்ப ஆரம்பித்தது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. நர்ஸ் கூப்பிட்டார். மூச்சு எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது. கால்? வீக்கமே இல்லை. எடை? அப்படியே இருக்கிறது. இவருக்கு எரிச்சல், நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்குக் கூப்பிடறாங்க என்று எனக்கு ஜாடை காட்டுகிறார். ஒரு வாரமாக அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது, சாப்பாட்டில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். இல்லை. புதிதாக மாத்திரை ஏதாவது? இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் மெதுவாக, "முட்டி வலிக்குன்னு அந்த நீல மாத்திரைதான்" என்றார். கடையில் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கிற நேப்ராக்ஸன். நண்பர் ஒருவர் சொன்னார் என்று வாங்கி, காரில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் போட்டிருக்கிறார், எனக்கே தெரியாது. நேப்ராக்ஸன், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும், கிட்னியையும் படுத்தும், ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள் தொடவே கூடாது. நர்ஸ் அதை நிறுத்தி, வலிக்கு டைலனால் சொல்லி, நீர் மாத்திரையைச் சில நாளைக்கு மட்டும் கூட்டி, ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க. எண் இறங்கிவிட்டது. வழக்கப்படி என்றால் அந்த மாதக் கடைசியில் ஆம்புலன்ஸ் வந்திருக்கும், அவரும் காரில் இருந்த டப்பாவைப் பற்றி மூச்சே விட்டிருக்க மாட்டார்.

இது ஏறுவதை மட்டும் காட்டுகிற கருவி இல்லை, இறங்குவதையும் காட்டும். இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன கோடையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய் வந்து அவருக்கு வயிறு சரியில்லை, இரண்டு மூன்று தடவை போனார், நல்ல வெயில், ஆனாலும் தோட்டத்தில் பாகற்கொடிக்குப் பந்தல் கட்டுகிறேன் என்று நின்றார். நீர் மாத்திரையைத் தவறாமல் போட்டார், ஒழுக்கமான மனிதர். மறுநாள் போன் வந்தது, அழுத்தம் ரொம்பக் கீழே போயிருக்கிறது, தலை சுற்றுகிறதா என்று. எழுந்து நிற்கும்போது கொஞ்சம் சுற்றுகிறது என்றார். நீர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அதோடு டாபாக்ளிஃப்ளோசினையும் வயிறு சரியாகும்வரை நிறுத்தச் சொன்னார்கள். அப்படியே விட்டிருந்தால் கிட்னி அடி வாங்கியிருக்கும். வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது, யாரைக் கேட்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். எங்கள் ஃப்ரிட்ஜில் அந்தச் சீட்டு கோவில் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாப்பாடு. உப்பைப் பற்றி நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. சோடியம்-ஹெச்.எஃப். என்று 2022இல் வந்த ஆராய்ச்சியில், ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே என்று கறாராகக் குறைத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆஸ்பத்திரி, சாவு விஷயத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை என்று எங்கள் டாக்டரே சொன்னார். அதற்காக அப்பளம், மோர்மிளகாய், ஆவக்காய் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எங்கள் வீட்டில் கவனித்தது, தினசரிச் சமையல் பெரிதாக எண்ணை அசைப்பதில்லை, விசேஷ நாட்கள்தான் அசைக்கும். தீபாவளி வாரத்தில் நாலு வீட்டு விருந்து, பார்ட்டி ட்ரேயில் வருகிற பிரியாணி, மிக்ஸர் பாக்கெட். அதற்கடுத்த வாரம் நர்ஸ் கூப்பிடுவார் என்று எனக்கே தெரியும். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். "சோடியம் இல்லாத உப்பு" என்று கடையில் விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரோனோலாக்டோனும் என்ட்ரெஸ்டோவும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறும், அதன் மேல் இதையும் போட்டால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். நல்லது செய்கிறோம் என்று மருமகள்கள் வாங்கி வந்து வைப்பது இதைத்தான்.

எல்லாம் சரியாகப் போனதாக நினைக்காதீர்கள். ஒரு தேங்ஸ்கிவிங் சமயம், வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள் கிளினிக் மூடல். அதற்கு முந்தைய வாரமே எண் ஏற ஆரம்பித்திருக்கிறது, எங்கள் நர்ஸ் லீவில் இருந்தார், பதிலுக்குப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி இவருக்குப் படுத்தால் இருமல். கிளினிக் நம்பரைக் கூப்பிட்டால் எடுத்தவர் ஆன்சரிங் சர்வீஸ், அவர் பிடித்துக் கொடுத்த ஆன்கால் டாக்டருக்கு இவருக்கு சென்சார் இருப்பதே தெரியாது, எடை எவ்வளவு என்று கேட்டார். "தினமும் நாங்க அனுப்பற எண்ணை கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க" என்றால், அதைப் பார்க்க அவரிடம் பாஸ்வேர்ட் இல்லை! நல்லவேளையாக எமர்ஜென்சிக்குப் போனதும் ஊசியிலேயே சரியாகி, அட்மிட் ஆகாமல் விடியற்காலையில் திரும்பிவிட்டோம். திங்கட்கிழமை நான் போன் செய்து கொஞ்சம் சத்தமாகவே பேசினேன், எனக்கு அதில் வருத்தமில்லை. இப்போது நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் நானே கூப்பிட்டு, இன்றைய எண் என்ன, போக்கு எப்படி, இரண்டு பவுண்டு ஏறினால் எத்தனை மாத்திரை கூட்டலாம், யார் நம்பரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் 911தான். இந்த சென்சார் அவசரத்துக்கு ஆனது இல்லை, யாரும் இருபத்துநாலு மணி நேரமும் திரை முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை.

ஐ.சி.டி. வைத்தவர்களுக்கு ஏற்கெனவே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், "அதுவே பார்த்துக்கொள்ளாதா, இது எதற்கு?" என்று கேட்பார்கள். அது முக்கியமாகத் துடிப்பைப் பார்க்கிறது. சில கம்பெனி ஐ.சி.டி.களில் நெஞ்சில் நீர் கோப்பதையும் ஊகித்துச் சொல்லும் வசதி உண்டு, ஹார்ட்லாஜிக் மாதிரி, அது இருந்தால் முதலில் அதை உருப்படியாகப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள், உள்ளே ஏற்கெனவே இருப்பதுதானே. அழுத்தத்தை நேராக அளப்பது தமனி சென்சார் மட்டும்தான். எல்லோருக்கும் பலன் ஒரே மாதிரி என்றும் சொல்ல மாட்டேன். 2021இல் வந்த கைட்-ஹெச்.எஃப். ஆராய்ச்சியில் 1,000 பேரை வைத்துப் பார்த்தபோது மொத்தக் கணக்கில் வித்தியாசம் உறுதியாக வரவில்லை, கோவிட்டுக்கு முந்தைய காலத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால்தான் பலன் தெரிந்தது. 2023இல் நெதர்லாந்தில் 348 பேரை வைத்துச் செய்த மானிட்டர்-ஹெச்.எஃப். நன்றாக வந்தது, வாழ்க்கைத் தரமும் ஏறியது, ஆஸ்பத்திரியும் குறைந்தது. மாத்திரையே ஒழுங்காகப் போடாதவருக்கும், போனை எடுக்காதவருக்கும் இதை வைத்துப் பயன் இல்லை, காசுதான் தண்டம்.

காசு என்றதும் இன்ஷூரன்ஸ். அவருக்கு 65 ஆவதற்கு முன்னால், என் வேலை வழியாகக் கிடைத்த இன்ஷூரன்ஸில் அவர் இருந்தபோது வைத்தது. முதல் விண்ணப்பத்தை, "இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் உள்ள சிகிச்சை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் வந்ததும் கையை விரித்துவிடாதீர்கள். எங்கள் டாக்டர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டாக்டரிடம் போனில் நேராகப் பேசினார், முந்தைய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரிகளை எல்லாம் நான் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்திருந்தேன், அடுத்த முறை அனுமதி வந்துவிட்டது. 65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் 2025 ஜனவரியில் நாடு முழுக்க ஒரே விதியாக இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆராய்ச்சிப் பதிவில் சேர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு. சென்சார் செலவோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், மாதாமாதம் ரீடிங் பார்ப்பதற்கென்று தனி பில் வரும், மெடிகேர் பார்ட் பியில் 20 சதவீதம் நம் பங்கு, கூடுதல் இன்ஷூரன்ஸ் இருந்தால் அது கட்டும். அந்த பில் வருகிற மாதத்தில் அவர்கள் உண்மையிலேயே பார்த்தார்களா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, நான் கேட்டிருக்கிறேன்.

ஊருக்குப் போவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விமானத்தில் போகலாம், சென்சாருக்கு ஒன்றும் ஆகாது. தலையணையும் பெட்டியும் பெரிசு, கனம், அதைச் சுமந்துகொண்டு போனாலும் அங்கிருந்து அனுப்பினால் இங்கே வருமா என்று முன்னாலேயே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கொண்டுபோகவில்லை. கிளம்புகிற காலையில் கடைசி ரீடிங், அதோடு நர்ஸிடம் பேசி, அங்கே எடை இவ்வளவு ஏறினால் இத்தனை மாத்திரை என்று எழுதி வாங்கிக்கொண்டோம். மருந்துகளின் பொதுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள், பிராண்ட் பெயர் அங்கே வேறாக இருக்கும். மதுரையில் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி, தினமும் காலையில் எடையை என் மகள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னேன். உறவுக்காரர் வீடுகளில், "கொஞ்சூண்டு ஊறுகாய் போட்டுக்கோங்க மாப்ளே" என்று அன்போடு வைப்பதை எந்த சென்சாராலும் தடுக்க முடியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை நகர்த்தினேன். திரும்பி வந்து பெட்டியை ஆன் செய்த முதல் காலையிலேயே போன் வந்துவிட்டது. ஏறித்தான் இருந்தது, கொஞ்சம்.

இப்போதைக்கு ஒரு கவலை. இத்தனை காலம் எங்களைப் பார்த்த அந்த நர்ஸ் பிராக்டிஷனர் அடுத்த மாதம் வேறு மாநிலத்துக்குப் போகிறார். இவருக்கு எந்த எண்ணில் இருமல் வரும், எந்த மாத்திரைக்குக் கால் பிடிக்கும், நல்லாருக்கேன் என்று எந்தக் குரலில் சொன்னால் நம்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்காக ஒரு பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேப்ராக்ஸன் கதை அதில் முதல் வரி, இவருக்குத்தான் அது பிடிக்கவில்லை.